எல்லாக் கப்பலும் சனிக்கிழமை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில், சுவரோடு சுவராக ஒரு வெள்ளைப் பலகை. நாலு பேர், நாலு வரிசை, நாளுக்கு ஓர் எண். யார் எத்தனை ஃபைலுக்குப் பதில் எழுதி முடித்தார்கள் என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் தன் கைப்பட எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். வணிகவியல் படித்த கணக்கு அண்ணன் நாற்பத்திரண்டு. கம்ப்யூட்டர் படித்த டிப்ளமா முப்பத்தொன்பது. சட்டம் படித்த வக்கீல் பெண் முப்பத்தாறு. கடைசி வரிசையில் இருபத்தொன்று, இருபத்துமூன்று, சில நாள் பத்தொன்பது. அந்தக் கடைசி வரிசை ராணியம்மாவுடையது.

ராணியம்மா என்பது பெயர் இல்லை. பதினைந்து வருஷத்துக்கு முன் இங்கே வேலையில் சேர்ந்த அன்று ஒட்டிக்கொண்ட பட்டம். "என்ன படிச்சிருக்கீங்க?" என்று அப்போதிருந்த அதிகாரி கேட்டார். "எம்.ஏ. வரலாறு சார்." "ஓ, ராஜா ராணி கதையா?" என்று அவர் சிரிக்க, அறையே சிரித்தது. ராஜா யாருக்கும் பொருந்தவில்லை, ராணி தங்கிவிட்டது. இத்தனைக்கும் அவர் படித்ததில் ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. இரண்டு வருஷம் முழுக்க உட்கார்ந்து படித்தது, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சின்னத் துறைமுகத்தின் வருகைப் பதிவேடு. எந்தக் கப்பல், எந்தத் தேதி, என்ன சரக்கு. பூச்சி அரித்த பதினொரு தடித்த புத்தகங்கள். அதை யாருக்கும் விளக்கிப் பயனில்லை என்பதை மூன்றாவது வேலையிலேயே அவர் கற்றுக்கொண்டார்.

இது ஏழாவது வேலை. முதலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினார்; அச்சகம் மூடப்பட்டது. பிறகு ஒரு ஓட்டலின் வரவேற்பு மேஜை. பிறகு எட்டு மாதம் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி. அங்கே ஒரு வாளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பலகையில் காலம் தப்பு என்று பார்வையாளர்களிடம் சொல்லப்போக, "பலகையில இருக்கறதைப் படிச்சுக் காட்டத்தான் உங்களுக்குச் சம்பளம்" என்று அனுப்பிவிட்டார்கள். சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாக ஏறிக் கருத்துக் கேட்டார். கதவைத் திறக்கிறவர்கள் உண்மையைச் சொல்வதில்லை, கேட்கிறவள் எதை விரும்புவாள் என்று நினைக்கிறார்களோ அதைச் சொல்கிறார்கள் என்பதை அந்த ஒரு வருஷத்தில் புரிந்துகொண்டார். தனியார் பள்ளியில் வரலாற்றோடு தையல் வகுப்பும் தலையில் விழுந்தது. நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பிரதி எடுத்தார். கடைசியில் இங்கே.

ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வி: "வரலாறு படிச்சிட்டு இங்க என்ன பண்றீங்க?" முதல் மூன்று வேலைகளில் அதற்கு நீளமாகப் பதில் சொன்னார். அப்புறம் சுருக்கமாக. இப்போது சிரிப்பதோடு சரி.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், கேள்வி காகிதத்தில் வந்தது.

அலுவலகம் ஒரு புது மென்பொருள் வாங்கியிருந்தது. வழக்கமான புகார்களுக்கு வழக்கமான பதிலை அதுவே எழுதிவிடுமாம். ஆகவே நாலு நாற்காலி இனி இரண்டு. யார் இருப்பது, யார் போவது என்று தீர்மானிக்க ஆளுக்கொரு படிவம். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பூர்த்தி செய்து தர வேண்டும். அதில் ஏழாவது கட்டம்: "இப்பணிக்குத் தங்கள் கல்வித் தகுதி எவ்வகையில் பயன்படுகிறது?"

வக்கீல் பெண் அதை நிரப்பி முடித்து, இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தாள். டிப்ளமா நாலு மென்பொருள்களின் பெயரை எழுதினான். கணக்கு அண்ணன், "முப்பது வருஷ அனுபவம்" என்று எழுதிவிட்டு, அது கல்வி இல்லையே என்று அடித்துவிட்டு, மறுபடி அதையே எழுதினார்.

ராணியம்மா அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார். முன்பு நிரப்பிய படிவங்களிலெல்லாம் அந்த இடத்தில் "பொருந்தாது" என்றுதான் எழுதியிருக்கிறார். இந்தத் தடவை அப்படி எழுதினால் தானே தன் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்த மாதிரி. நாற்பத்தொன்பது வயதில் எட்டாவது வேலை தேடும் தெம்பு அவரிடம் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவருக்கு முழங்கால் போய், கம்பெனி அவரை வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுகிறது. மகள் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். வீடு இப்போது இந்த நாற்காலியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பும்போது கணவர் காலை நீட்டி எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "எதையாவது எழுதிக் குடும்மா. யார் உக்காந்து படிக்கப் போறாங்க?"

"அதான் பிரச்சினையே. நான் படிப்பேன்."

"உன்னை மாதிரியே எல்லாருமா இருப்பாங்க? உலகம் தாங்காது."

கிண்டல்தான். ஆனால் பஸ்ஸில் அது நினைவுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

பலகையில் அவர் எண் ஏன் குறைவு என்பதற்கு அலுவலகம் அறிந்த காரணம் ஒன்று உண்டு. ஃபைலில் புதிய காகிதம் எப்போதும் மேலே இருக்கும். எல்லாரும் மேலே இருக்கும் காகிதத்தைப் படிப்பார்கள், அதன் கீழே போன தடவை எழுதிய பதிலைப் பார்ப்பார்கள், அதையே கொஞ்சம் மாற்றி அடிப்பார்கள். இரண்டு நிமிஷம். ராணியம்மா ஃபைலைக் கையில் எடுத்ததும் முதல் காரியமாகக் குப்புறக் கவிழ்ப்பார். அடியில் இருக்கும் மிகப் பழைய காகிதத்திலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு வருவார். நடுவில் பென்சிலால் ஓரத்தில் ஏதோ குறிப்பார். டிப்ளமா இதற்கு வைத்த பெயர் "ரிவர்ஸ் கியர்".

"ராணியம்மா, ரிவர்ஸ்லயே வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

"உன் வண்டி முன்னாடி போற வேகத்துக்கு நான் பின்னாடியே போயிக்கறேன்பா."

அதைத் திறமை என்று அவரும் நினைத்ததில்லை. மெதுவான ஆள், அவ்வளவுதான். மேலேயிருந்து படித்தால் தலை சுற்றும், நடந்தது எது, அதற்கு முன் நடந்தது எது என்று பிடிபடாது. சிலருக்கு இடது கைப் பழக்கம் இருப்பதில்லையா, அந்த மாதிரி.

பதினொரு மணித் தபாலை டிப்ளமா கொண்டுவந்து மேஜையில் கொட்டினான். முத்திரை குத்தினான். ஒரு நீல உறையைத் தூக்கிப் பிடித்து, "டீத்தண்ணிக்காரர் ஆஜர்!" என்று அறிவித்தான்.

பிரிவுக்கே தெரிந்த ஆள் அவர். பழைய சந்தைக்குப் பின்னால் ஒரு தெருக்கோடியில் சலவைக் கடை வைத்திருப்பவர். தங்கும் விடுதிகளின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பது தொழில். குழாயில் டீ நிறத்தில் தண்ணீர் வருகிறது, வெள்ளைத் துணி எல்லாம் பாழாகிறது என்று பதினைந்து மாதமாக எழுதுகிறார். இது முப்பத்தொன்றாவது கடிதம். ஒவ்வொரு தடவையும் ஆய்வாளர் போய்ப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. "ஆய்வில் நீர் தெளிவாக இருந்தது" என்று பதில் போகிறது. இரண்டு வாரத்தில் அடுத்த நீல உறை.

அந்த ஃபைல் வழக்கமாகக் கணக்கு அண்ணனுக்குப் போகும். அன்று அவர் அதை எடுத்துவந்து ராணியம்மாவின் மேஜையில் வைத்தார். கூடவே, அதே மாதிரி சுலபமான ஒன்பது ஃபைல்கள்.

"என்ன அண்ணா இது?"

"எனக்குக் கை வலிக்குது. நீங்க போடுங்க."

"கையா, மனசா?"

"கடைசி நாள்ல பலகையில ஒரு முப்பதாவது இருக்கட்டும்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "போன தடவை எழுதினது அப்படியே இருக்கு. தேதியை மட்டும் மாத்தி அடிங்க. பத்து ஃபைலுக்கு அரை மணி நேரம்."

அவருக்கு ஐம்பத்துநாலு வயது. அவர் நாற்காலியும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. தன் எண்ணிக்கையில் பத்தைக் கழித்து இன்னொருத்தர் தட்டில் வைப்பதற்கு ஒரு மனசு வேண்டும். ராணியம்மா நன்றி சொல்ல வாயெடுத்தார். அவர் அதற்குள் டீக்குப் போய்விட்டார்.

அரை மணியில் பத்து. ராணியம்மா டீத்தண்ணிக்காரர் ஃபைலை இழுத்தார். மேலே இருந்ததைப் படித்து, தேதியை மாற்றி, அடித்து முடித்திருக்கலாம். கை பழக்கத்தில் ஃபைலைக் கவிழ்த்துவிட்டது.

அடியில் இருந்த முதல் கடிதத்தோடு, துருப்பிடித்த குண்டூசியில் ஒரு துண்டுத் துணி. விரல் நீளம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது நடுவில் பழுப்பாக ஒரு வளையம். "ஆதாரத்துக்காக இணைத்துள்ளேன்" என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். இரண்டாம் கடிதத்திலும் மூன்றாம் கடிதத்திலும் குண்டூசித் துளை இருந்தது, துணி இல்லை. ஃபைல் தடிக்கிறதென்று யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். நாலாவது கடிதத்திலிருந்து துளையும் இல்லை. அனுப்பிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

முதல் பதில் போன நாளுக்குப் பிறகு இந்தத் துணியை வேறு யாரும் பார்க்கவில்லை என்பது ராணியம்மாவுக்குப் புரிந்தது. பார்த்திருக்க வழியே இல்லை.

அவர் பென்சிலை எடுத்தார்.

சலவைக்காரர் ஒழுங்கான ஆள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் தேதி, கிழமை, நேரம். "செவ்வாய், காலை ஆறு மணி இருபது." "செவ்வாய், காலை ஆறரை." ஒரே ஓர் இடத்தில் ஒரு கடிதம் விட்டுப்போயிருந்தது, அடுத்ததில் அதற்கும் விளக்கம்: "சென்ற முறை காய்ச்சலில் படுத்திருந்தேன். அன்றும் தண்ணீர் அப்படித்தான் வந்ததாக மனைவி சொல்கிறாள்." முப்பத்தொரு செவ்வாய்க்கிழமை. ஒன்றுவிட்டு ஒன்று.

"தம்பி, இந்த ஆளோட புகாரெல்லாம் என்னிக்கு வந்ததுன்னு சிஸ்டத்துல பாத்துச் சொல்லேன்."

டிப்ளமா தட்டினான். "வெள்ளி, வெள்ளி, வெள்ளி... ஒண்ணு மட்டும் திங்கள். மனுஷன் வெள்ளிக்கிழமையானா பேனாவைத் தூக்கிடுவார் போல."

"அவர் எழுதறது செவ்வாய்க்கிழமை."

"சிஸ்டத்துல வெள்ளின்னு இருக்கு ராணியம்மா."

"அது நீ முத்திரை குத்தற கிழமைடா."

சொல்லி முடித்த மாத்திரத்தில் ராணியம்மா பென்சிலைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய ஓர் அவமானம் அப்படியே எழுந்து வந்து எதிரில் நின்றது.

துறைமுகப் பதிவேட்டில் எல்லாக் கப்பலும் சனிக்கிழமையே வந்திருந்தது. பதினொரு புத்தகத்திலும். அவர் அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து, சனிக்கிழமைக்கும் காற்றுக்கும் சந்தைக்கும் முடிச்சுப் போட்டு நாலு மாதம் எழுதினார். நாற்பது பக்கம். ஒரு நாள் மை நிறத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒரு வாரத்துக் கப்பல்கள் அத்தனையும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கின்றன. துறைமுக எழுத்தர் வாரம் பூராவும் சும்மா இருந்துவிட்டு, சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதியிருக்கிறார். அங்கே இருந்தது எழுதின தேதி, கப்பல் வந்த தேதி இல்லை. கப்பல்கள் அவை பாட்டுக்கு எல்லா நாளும் வந்துகொண்டுதான் இருந்தன. நாற்பது பக்கமும் குப்பைக்குப் போயிற்று. அன்றிலிருந்து எந்தக் காகிதம் கையில் வந்தாலும், நடந்தது எப்போது, எழுதினது எப்போது, எழுதினவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்காமல் அவரால் மேலே போக முடிந்ததில்லை. எந்தக் கல்லூரியில் கற்றோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு அது கையோடு ஒட்டிவிட்டது.

இங்கேயும் அதே கதை. இந்த அலுவலகத்தில் எதுவும் நடந்த அன்று நடப்பதில்லை, முத்திரை விழுந்த அன்றுதான் நடக்கும். செவ்வாய்க்கிழமை பழுப்புத் தண்ணீர். வெள்ளிக்கிழமை முத்திரை. திங்கட்கிழமை ஆய்வாளர் போகிறார். ஆறு நாள் ஆன தண்ணீர் தெளியாமல் என்ன செய்யும்?

மணி பன்னிரண்டரை. பலகைக்கான எண், தபாலுக்கு முன்பு முடித்த ஒன்பதிலேயே நின்றது. கைபேசியில் கூடப்பிறந்த தம்பி. பெரிய கம்பெனியில் பொறியாளர், அக்கா மேல் பாசம் உண்டு, அதைக் குத்தலாகத்தான் காட்டத் தெரியும்.

"அக்கா, எங்க ஆபீஸ்ல ரிசப்ஷன்ல ஒரு எடம் காலியாகுது. சொல்லி வெக்கட்டுமா?"

"இங்க இன்னும் முடிவாகலைடா."

"ஆகறதுக்கு முன்னாடி சொல்லி வெக்கணும்க்கா. என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்டா, டிகிரின்னு மட்டும் சொல்றேன். என்ன டிகிரின்னு நீயா வாயத் தொறக்காதே."

"ஏன், திருடிட்டா வந்தேன்?"

"திருடியிருந்தாக்கூட அனுபவம்னு எடுத்துப்பாங்க."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். ராணியம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், ஒரு வாய் வைத்தார், மூடினார். அப்புறம் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினார்.

வால்வு மேஸ்திரியின் அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஈர பூட்ஸ் வாசனை. தெருத் தெருவாகக் குழாய்களை மூடித் திறப்பது அவர் வேலை. எப்போது மூடினார், எப்போது திறந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். பதினைந்து வருஷத்தில் மாடியிலிருந்து ஒருவர் அந்த நோட்டைக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி பயந்துவிட்டார்.

"ஏதாவது தப்பாயிடுச்சாம்மா?"

"தப்பெல்லாம் இல்லைண்ணே. பழைய சந்தைப் பக்கம் செவ்வாய்க்கிழமை என்ன பண்றீங்க?"

அவர் நோட்டைத் திறந்தார். கொட்டை கொட்டையான எழுத்து, ஆனால் அன்றன்று எழுதியது. மழை நாளில் நனைந்த பக்கம் நனைந்தபடியே இருந்தது. ராணியம்மாவுக்கு அந்த நோட்டைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஒருவாரம் விட்டு ஒருவாரம் மேல்தொட்டியைக் கழுவறோம். நாலரைக்கு மெயின் வால்வை மூடுவோம். அஞ்சரைக்குத் திறப்போம்."

"திறந்தா என்ன ஆகும்?"

"தண்ணி ஒரே பாய்ச்சலா பாயும். பழைய இரும்புக் குழாய் இல்லையா, உள்ளே இருக்கற துருவெல்லாம் கலங்கும். தெருக்கோடியில போய்த் தேங்கும்."

"தெருக்கோடியில யாரு இருக்கா?"

மேஸ்திரி யோசித்தார். "ஒரு லாண்டரி."

சொன்னவர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கடைசி முனையில ஒரு சின்ன வால்வு இருக்கும்மா. அதைப் பத்து நிமிஷம் சாக்கடைக்குத் திறந்து விட்டா துரு பூராப் போயிடும்."

"பத்து நிமிஷம்தானா? அப்புறம் ஏண்ணே விடலை?"

"யாரும் கேக்கலையேம்மா."

மாடி ஏறும்போது ராணியம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கால் வலித்தது. மூன்றாவது படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கும்போது இன்னொரு விஷயம் உறைத்தது. போன முப்பது பதில்களில் இருபத்துநாலின் கீழே இருப்பது கணக்கு அண்ணனின் கையெழுத்து. கண்டுபிடித்ததை எழுதி மேலே அனுப்பினால், மேலே இருப்பவர்கள் முதலில் கேட்கப்போவது "இத்தனை நாள் பதில் போட்டது யார்?" என்றுதான். காலையில் பத்து ஃபைலைத் தூக்கிக் கொடுத்தவர். இரண்டு நாற்காலி, நாலு பேர்.

எழுதாமல் விட்டால், தேதியை மாற்றி அடித்தால், ஒன்பது பத்தாகும். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்த மனிதர் ஒரு விரிப்பை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். தாளை எடுத்தார். நாற்பது பக்கம் குப்பைக்குப் போன அன்று துறைமுக எழுத்தரை வாய்க்கு வந்தபடி திட்டியது நினைவுக்கு வந்தது. அப்புறம் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, வாரம் ஒருமுறை எழுதினால் போதும் என்பதே அந்தத் துறைமுகத்தின் சட்டம். அந்த ஆள் சோம்பேறி இல்லை. பதிவேட்டில் கப்பல் வந்த நாளுக்கென்று ஒரு கட்டமே இல்லை.

நம் புகார்ப் படிவத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தார். புகார் பெறப்பட்ட நாள். ஆய்வு நாள். பதில் நாள். சம்பவம் நடந்த நாள் என்று ஒரு கட்டம் எங்கேயும் இல்லை.

அப்போதுதான் எழுத ஆரம்பித்தார். ஒன்றரைப் பக்கம். முப்பத்தொரு தேதி, எதிரில் முப்பத்தொரு முத்திரைத் தேதி, எதிரில் மேஸ்திரி நோட்டின் தேதி. பத்து நிமிஷ வால்வு. கடைசியில், புகார்ப் படிவத்தில் சம்பவ நாளுக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி. துணித் துண்டை அதே குண்டூசியால் மேலே குத்தினார்.

நாலு மணிக்குக் கணக்கு அண்ணன் மேஜைப் பக்கம் வந்தார். பலகைக்கு எத்தனை ஆயிற்று என்று கேட்கத்தான் வந்தார். குறிப்பைப் பார்த்துவிட்டார். நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். எதைத் தேடுகிறார் என்று ராணியம்மாவுக்குத் தெரிந்தது.

"என் பேர் இல்லையேம்மா."

"உங்க பேர் எதுக்குண்ணா? உங்க கிட்ட வந்த காகிதத்துல என்ன இருந்ததோ அதுக்குப் பதில் எழுதினீங்க. தேதி தப்பா வந்திருக்கு. எனக்கு வந்தாலும் அதானே?"

"உங்களுக்கு வந்தா கவுத்துப் போட்டிருப்பீங்க."

பாராட்டா, வருத்தமா என்று தெரியாத குரல். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இருபத்துநாலு தடவை. ஒரு தடவைகூட அந்த ஆள் மேல கிழமை போட்டிருக்கறதைப் பாக்கலை பாருங்க. ரெண்டு நிமிஷத்துல முடிச்சேன்னு சந்தோஷப்பட்டிருக்கேன்."

"விடுங்கண்ணா."

"விடறேன்." படிவத்தைப் பார்த்தார். ஏழாவது கட்டம் இன்னும் வெறுமையாக இருந்தது. "இதை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? மணி நாலேகால்."

"என்ன எழுதறதுன்னு தெரியலை."

"காலையிலேர்ந்து என்ன பண்ணீங்களோ அதை எழுதுங்க."

"அது படிப்பா அண்ணா? அது என் புத்தி அப்படி."

"யாருக்கும்மா பொறக்கும்போதே புத்தி அப்படி இருக்கு? எனக்கு இல்லையே."

ராணியம்மா பேனாவை எடுத்தார். வேகமாக, அழகில்லாத கையெழுத்தில் எழுதினார்: "எம்.ஏ. வரலாறு. ஒரு காகிதம் எப்போது, யாரால், எங்கிருந்து எழுதப்பட்டது என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது என்று அங்கே பழகினேன். அதனால் மெதுவாகப் படிக்கிறேன்."

மேற்பார்வையாளர் ஐந்து மணிக்குப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அதே கட்டத்தில் கண் நின்றது.

"மெதுவாப் படிக்கறேன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்களே மேடம்."

"பலகையிலயே இருக்கே சார்."

அவர் பலகைக்குப் போனார். கடைசி வரிசையில் பதினொன்று என்று எழுதினார். பதினைந்து வருஷத்தில் மிகக் குறைந்த எண். குறிப்பையும் படிவத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. அந்த இரண்டு வாரமும் ராணியம்மா சரியாகத் தூங்கவில்லை. தம்பிக்குக் கைபேசியில் "சொல்லி வை" என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தார். மேஸ்திரி மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை மாடிக்கு ஏறி வந்து, "திறந்து விட்டேம்மா, பத்து நிமிஷம்" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். மறு வெள்ளிக்கிழமை டிப்ளமா தபாலைக் கொட்டி, புரட்டி, தேடினான். நீல உறை இல்லை. நன்றிக் கடிதமும் இல்லை. புகார்ப் பிரிவுக்கு நன்றி வருவது அப்படித்தான், ஒன்றும் வராமல் வரும்.

உத்தரவு திங்கட்கிழமை வந்தது. கணக்கு அண்ணனும் டிப்ளமாவும் இருக்கிறார்கள். வக்கீல் பெண்ணுக்கு அதற்குள் வேறு இடத்தில் வேலை கிடைத்து, அவள் உத்தரவைப் படிக்கக்கூட இல்லை. ராணியம்மாவின் பெயருக்கு எதிரில்: குழாய் மாற்றுப் பிரிவு.

மேற்பார்வையாளர் கூப்பிட்டு விளக்கினார். "எந்தத் தெருவுல பழைய குழாயைத் தோண்டி எடுக்கறதுன்னு இன்ஜினியர்ஸ் முடிவு பண்ணணும். நாப்பது வருஷத்து ஃபைல் மூட்டை மூட்டையாக் கெடக்கு. தோண்டறதுக்கு முன்னாடி படிக்க ஒரு ஆள் வேணுமாம். உங்க குறிப்பை அனுப்பினேன். மெதுவான ஆள்தானான்னு கேட்டாங்க. ரொம்பன்னு சொன்னேன்."

"வேலை போகலையே சார்?"

"போகலை. அதே சம்பளம். ஆனா பில்டிங் ஊருக்கு அந்தக் கோடி. மூணாவது மாடி."

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லிஃப்ட் உண்டா?"

"இல்லை."

"என் பொண்டாட்டிக்கு லிஃப்ட் இல்லாத பில்டிங்கா! வெளிய சொல்லிடாதே, என் மானம் போயிடும்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ராணியம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

கைபேசியில் அனுப்பாமல் இருந்த இரண்டு வார்த்தையை ராணியம்மா அழித்தார்.

புது இடத்துக்கு இரண்டு பஸ். முதல் நாள் இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. மூன்று மாடியும் ஏறி, கதவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த மேஜையில் பையை வைத்தபோது, மகளைவிடக் கொஞ்சமே மூத்த ஒரு பொறியாளர் பெண் கயிறு கட்டிய ஃபைல் மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து வைத்தாள்.

"வெல்கம் மேடம். நீங்க என்ன, சிவிலா?"

"வரலாறு."

"வரலாறா?" அவளுக்குப் புரியவில்லை. "இங்க எப்படி வந்தீங்க?"

நீளமாகச் சொல்ல உருப்படியான ஒரு பதில் முதல் தடவையாக அவரிடம் இருந்தது. ஆனால் மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ரெண்டு பஸ் மாறி" என்றார்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். ராணியம்மா கயிற்றை அவிழ்த்து, முதல் ஃபைலை எடுத்துக் கவிழ்த்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய காகிதம், ஓரமெல்லாம் பொடிந்திருந்தது. தேதி போட வேண்டிய இடத்தில் தேதி இல்லை. கீழே கையெழுத்தும் இல்லை. யார் எழுதியது, எப்போது எழுதியது, ஒன்றுக்கும் துப்பில்லை.

ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.